பொழுதுபட்டால் உப்பு இல்லை

ஜனவரி 4, ஞாயிறு

டொக்டர் சொன்னதால் எழுதுகிறேன். நெஞ்சு படபடக்கிறது, நித்திரை வருவதில்லை என்று போனால் குளிசை தருவார் என்று பார்த்தேன். "மனதில் ஓடுவதையெல்லாம் ஒரு கொப்பியில் எழுதுங்கள், புனிதவதி" என்று சிரித்துக்கொண்டே அனுப்பிவிட்டார். இந்த ஒரு வசனத்துக்காக அரை நாள் காத்திருந்தேன்.

மனதில் ஓடுவது ஸ்னோதான். நவம்பரில் தொடங்கியது இன்னும் விட்டபாடில்லை. ஓஷாவாவுக்குக் குடிவந்த பிறகு இப்படி ஒரு குளிர்காலத்தை நான் கண்டதில்லை. வாசல் நடையின் இரண்டு பக்கமும் என் தோள் உயரத்துக்குக் குவிந்து கிடக்கிறது. இனி அள்ளினால் போட இடமில்லை. நகரசபை மெஷின் வந்து தெருவைத் துப்புரவாக்கிவிட்டு, வழித்த எல்லாவற்றையும் எங்கள் ட்ரைவ்வே வாயில் மதில் மாதிரிக் கட்டிவிட்டுப் போகிறது. அதை உடைத்து முடித்து உள்ளே வந்து சப்பாத்தைக் கழற்றினால் மறுபடி வருகிறது. அந்த ட்ரைவர் மூலையில் மறைந்து நின்று நாங்கள் முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருக்கிறான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஊரில் உப்பு இல்லை. ஐஸ் வழுக்காமல் படியில் போடுகிற கல் உப்பைச் சொல்கிறேன். கப்பல் வரவில்லை என்கிறார்கள், சுரங்கத்தில் முடிந்தது என்கிறார்கள். இன்று கடை திறக்க முதலே போய் வரிசையில் நின்றோம். ஆளுக்கு ஒரு மூட்டைதான். இவர் ஒன்று, நான் ஒன்று. துவாரகாவையும் கூட்டிக்கொண்டு போயிருந்தால் இன்னொன்று கிடைத்திருக்கும். கொலிஜில் படிக்கிற பிள்ளை. "உப்புக்காக ஞாயிற்றுக்கிழமை எழும்ப மாட்டன் அம்மா" என்று போர்வையை இழுத்து மூடிவிட்டாள்.

இவர் ட்ரக் ஓட்டுகிறார். இங்கிருந்து வினிப்பெக். போய்வர ஒரு கிழமை பிடிக்கும். பாதி வழி பெரிய ஏரிக் கரையோடு ஆளில்லாத ரோட்டு, ஒரு பக்கம் மலை, மறுபக்கம் தண்ணீர். டொக்டரிடம் ஸ்னோவால் படபடப்பு என்று சொன்னேன். இவர் ரோட்டில் நிற்கும்போது மட்டும்தான் படபடக்கிறது என்பதைச் சொல்லவில்லை.

ஜனவரி 6, செவ்வாய்

தபால் பெட்டிப் பூட்டு உறைந்துவிட்டது. லைட்டரால் சூடு காட்டி, விரலைச் சுட்டுத் திறந்தேன். உள்ளே பீட்சா விளம்பரம்.

ஜனவரி 8, வியாழன்

தாளிப்பு வாசனைக்கும் குளிர்காலக் கோட்டுக்கும் தீராத பகை. ஜன்னலைத் திறந்து சமைக்க முடியாது. வெங்காயத்தைப் போட்டால் அது நேரே கோட்டுக்குத்தான் போகிறது. வேலைக்குப் போகும் பஸ்சில் பக்கத்தில் இருந்த பெண் மூக்கைச் சுளித்துவிட்டு எழும்பி நின்றாள். நல்லதாய்ப் போயிற்று, சாய்ந்து இருந்து வந்தேன். இனிமேல் கோட்டுகளெல்லாம் கராஜில்தான். காலையில் போடும்போது ஐஸ் பெட்டிக்குள் இறங்குவது போல இருக்கும். இருக்கட்டும்.

பின்னேரம் ஸ்டெபான் தன் ஸ்னோ மெஷினைக் கொண்டுவந்து எங்கள் பக்கத்தையும் தள்ளிவிட்டார். எங்களுடையது ஒட்டு வீடு. நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் ஸ்டெபானும் ஒலெனாவும். வாசல் நடையும் ட்ரைவ்வேயும் இரண்டு வீட்டுக்கும் பொது. உக்ரைனில் ஏதோ ஒரு கிராமத்திலிருந்து எங்களைப் போலவே நடுவயதில் வந்தவர்கள், இப்போது எழுபதைத் தாண்டிவிட்டார்கள். என்னுடைய ஆங்கிலத்தையும் ஒலெனாவின் ஆங்கிலத்தையும் சேர்த்தால் ஒரு ஆளுக்குக் காணும். ஆனாலும் நன்றாகத்தான் கதைத்துக்கொள்கிறோம். என் பெயர் அவர்கள் வாயில் பூனி ஆகிவிட்டது. திருத்தித் திருத்திக் களைத்து விட்டுவிட்டேன்.

இவர் ரோட்டில் நிற்கும் நாளெல்லாம் ஸ்டெபான்தான் எங்கள் பக்கத்தையும் பார்க்கிறார். யாரும் கேட்டதில்லை. நான் வடை சுட்டுக் கொடுப்பேன். "இந்த டோனட்டில் சீனி போட மறந்துவிட்டாய்" என்று ஒவ்வொரு முறையும் அதே பகிடியை விட்டுவிட்டு எல்லாவற்றையும் சாப்பிடுவார்.

ஜனவரி 11, ஞாயிறு

இவர் வெளிக்கிட்டார். எலுமிச்சங்காய் கொடுத்துவிட்டேன், டயருக்குக் கீழே வைத்து ஏற்றிப் போகச் சொல்லி. ட்ரக் நிறுத்துகிற யார்டிலிருந்து ஃபோன் எடுத்துச் சிரிக்கிறார்.

"இஞ்ச பாரும், உம்மட எலுமிச்சங்காய் உறைஞ்சு கல்லாப் போச்சு. டயர் ஏறவும் நசியேல்லை. துள்ளிக்கொண்டு பக்கத்து ட்ரக்குக்குக் கீழ ஓடிட்டுது. மனேஜர் கேக்கிறான், நீ கோல்ஃப் விளையாடுறியோ எண்டு."

"இன்னொண்டு வாங்கி வையுங்கோவன்."

"எல்லாம் காணும். ஃபோனை வைக்கட்டே? போட்டு வாறன்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை வருடத்தில் நசியாமல் ஓடின எலுமிச்சங்காய் இதுதான் முதல் தடவை. துவாரகாவிடம் சொன்னேன். "அப்பாட ட்ரக்கை விட்டுட்டு அந்த மற்ற ட்ரக்குக்குக் காவலாப் போயிருக்கும்" என்றாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எல்லாம் விளையாட்டு.

ஜனவரி 13, செவ்வாய்

வினிப்பெக்கில் இறக்கி ஏற்றிவிட்டாராம். திரும்பி வெளிக்கிட்டாயிற்று. பொங்கலன்று பொழுதுபட வீட்டில் நிற்பேன் என்கிறார். புயல் வருகிறது என்று ரேடியோ காலையிலிருந்து கத்துகிறது. அவருக்குக் கேட்கவில்லையா?

கறிவேப்பிலைக் கன்று ஹீட்டர் பக்கத்தில் நின்றும் இலையெல்லாம் கொட்டிவிட்டது. பேசாமல் தண்ணீர் ஊற்றினேன்.

ஜனவரி 14, புதன்

கொலிஜ் பூட்டு. பஸ் இல்லை. எனக்கும் வேலை இல்லை.

முதலில் மழைதான் பெய்தது. விழுந்த இடத்திலேயே மழை கண்ணாடியாய்ப் போனது. படி, நடை, கைபிடிக் கம்பி எல்லாம் ஒரே பளபளப்பு. அதன் மேல் ஸ்னோ. மத்தியானம் எங்கள் பக்கப் படிக்கும் நடையின் எங்கள் பாதிக்கும் உப்புப் போட்டேன். முதல் மூட்டை அதோடு முடிந்தது. மற்ற மூட்டையைப் பார்த்துப் பாவிக்கச் சொல்லி இவர் சொல்லிவிட்டுப் போனவர். அதைப் பிரிக்கவில்லை.

இரண்டு மணிக்கு மேல் இவருடைய ஃபோன் வேலை செய்யவில்லை. எடுத்து எடுத்துப் பார்த்தேன். அந்தப் பெண்ணின் குரல்தான், நீங்கள் அழைக்கும் நபர் என்று. டிவியில் ஏரிக்கரை ரோட்டைக் காட்டினார்கள். ஒரு ட்ரெய்லர் சரிந்து கிடந்தது. நிறம் தெரியவில்லை, எல்லாமே வெள்ளை. எங்களுடையதும் வெள்ளைதான்.

பொழுதுபட, சாமிப் படத்துக்கு முன்னால் விளக்கை ஏற்றிக் கும்பிட்டுக்கொண்டு நின்றேன். பெல் அடித்தது. ஸ்டெபான். தொப்பியெல்லாம் ஐஸ், கையில் வெறும் வாளி.

"பூனி, ஒரு வாளி உப்பு இருக்குமா? கடைக்கு வந்ததும் வாங்கித் தந்துவிடுகிறேன்."

விளக்கு எனக்குப் பின்னால் எரிகிறது. விளக்கு வைத்த பிறகு வீட்டிலிருந்து உப்பு வெளியே போகக் கூடாது. போனால் வீட்டு லட்சுமியும் கூடப் போய்விடுவாள். இது எங்கள் வீட்டுக் கதையில்லை, யாழ்ப்பாணத்தில் எந்த வீட்டைக் கேட்டாலும் சொல்வார்கள். வேறொரு நாள் என்றால் கண்ணை மூடிக்கொண்டு கொடுத்திருப்பேனோ என்னவோ. புருஷன் எங்கே நிற்கிறான் என்றே தெரியாத நேரத்தில் யார் கொடுப்பார்கள்?

"முடிந்தது, ஸ்டெபான்" என்றேன்.

"சரி சரி, கவலைப்படாதே. இந்த வருடம் எல்லோருக்கும் முடிந்துவிட்டது" என்று எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டு, கம்பியைப் பிடித்துப் பிடித்து இறங்கிப் போனார்.

துவாரகா மேலே நின்று கேட்டிருக்கிறாள். "அம்மா, கராஜில ஒரு முழு மூட்டை கிடக்கெல்லே?"

"விளக்கு வைச்சாச்சு பிள்ளை."

"அது ரோட்டில போடுற உப்பு. கறிக்குப் போடுறதில்லை."

"உப்பு உப்புத்தான். நீ உன்ர வேலையைப் பார்."

விடிந்ததும் நானே தூக்கிக்கொண்டு போய்க் கொடுப்பேன். கராஜ் மூலையில் ஒன்று கிடந்தது, கண்ணில் படவில்லை என்றால் போயிற்று. முடிந்தது என்று சொன்னதும் முழுப் பொய்யில்லை. முதல் மூட்டை முடிந்ததுதானே.

ஜனவரி 15, வியாழன்

தைப்பொங்கல். இருட்டோடு எழும்பித் தலைக்கு வார்த்து, அடுப்படியில் கோலம் போட்டு, பானை வைத்தேன். பால் பொங்கி வருகிற நேரம் வெளியே ஒலெனா கத்துகிற சத்தம் கேட்டது. பானை எந்தப் பக்கம் பொங்கியது என்று பார்க்கவில்லை.

ஸ்டெபான் நடையில் கிடந்தார். குப்பை எடுக்கிற நாள். பெட்டியைத் தெருவுக்கு இழுத்துக்கொண்டு போகும்போது விழுந்திருக்கிறார். நடையின் எங்கள் பாதி கறுப்பாய் ஈரமாய்க் கிடந்தது. அவர்கள் பாதி பளிங்கு. அவருடைய ஒரு கால் எங்கள் பக்கத்தில் இருந்தது. மற்றக் கால் வேறு யாருடையதோ மாதிரித் திரும்பியிருந்தது. போர்வை கொண்டுவந்து மூடினேன். "பூனி, ஹாப்பி பொங்கல்" என்றார். போன வருடம் நான் சொல்லிக்கொடுத்தது.

அம்புலன்ஸ்காரர் இரண்டு பேரும் ஏறமுடியாமல் வழுக்கினார்கள். துவாரகாவும் நானும் உப்பு மூட்டையை இழுத்துவந்து, தையலை வெட்டி, அவர்கள் பக்கம் முழுவதும் கொட்டினோம். ஒலெனா நைட்டியோடு படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஏறினார்கள், தூக்கிக்கொண்டு போனார்கள்.

அம்புலன்ஸ் திரும்ப முதலே என் ஃபோன் அடித்தது. இவர். நன்றாக இருக்கிறாராம். ரோட்டுத் திறந்துவிட்டதாம். நடையில் நின்றபடியே அழுதேன். எதற்காக என்று பிரித்துச் சொல்ல முடியாது.

பொங்கல் அடிப்பிடித்துவிட்டது.

ஜனவரி 16, வெள்ளி

இடுப்பு எலும்பு முறிவு. இன்று ஒபரேஷன் செய்தார்கள். ஒலெனாவுக்குக் கார் ஓடத் தெரியாது. மகன் கல்கரியில். நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். ஸ்னோவில் கார் ஓட எனக்குப் பயம், ஸ்டியரிங்கைப் பிடித்த கை இன்னும் நோகிறது. போகும்போதும் வரும்போதும் ஒலெனா ஒரு வார்த்தை பேசவில்லை. என் ஓட்டத்துக்குப் பயந்து பேசாமல் இருந்திருக்கலாம்.

அந்த வயதில் எலும்பு கொஞ்சம் தட்டினாலும் முறியும் என்று நர்ஸ் சொன்னாள். அதோடு, குப்பைப் பெட்டியை அந்த இருட்டில் இழுக்க வேண்டிய அவசரம் என்ன? புயல் நாளில் குப்பைக்காரன் வருவானா? வரவுமில்லை. பெட்டி இன்னும் அங்கேயே கிடக்கிறது. ஆண்களுக்குச் சொன்னால் விளங்காது.

ஜனவரி 18, ஞாயிறு

இவர் நேற்று வந்து சேர்ந்தார். இன்று மத்தியானம் சாப்பிடும்போது ஆறுதலாகக் கேட்டேன், புதன்கிழமை என்ன நடந்தது என்று.

"நீர் ஏன் சும்மா ஏங்கினீர்? நாலு மணிக்கே நிப்பாட்டிட்டன். ரோட்டை மூடப்போறாங்கள் எண்டு முன்னுக்குப் போன ட்ரக்காரன் ரேடியோவில சொன்னவன். ட்ரக் ஸ்டொப்பில சூப் குடிச்சிட்டு ஹீட்டரைப் போட்டுட்டுப் படுத்தன். அங்க சிக்னல் இல்லை, அவ்வளவுதான்."

"நாலு மணிக்கேயோ?"

"ஓம். நல்ல நித்திரை."

இங்கே நான் விளக்கு வைத்தது ஐந்து மணிக்கும் பிறகு.

"விடிய உப்பு லொறிக்குப் பின்னால பிடிச்சுக்கொண்டு வந்தன். அவன் பாவம், ராத்திரி முழுக்கக் கண் மூடாமல் உப்புப் போட்டவன். அவன் இல்லாட்டி நான் இண்டைக்கும் அங்கதான்."

"ராத்திரியிலயோ போட்டவன்?"

"பின்ன? ராத்திரியில போட்டால்தானே விடிய ஓடலாம்."

அவருடைய சாப்பாட்டுக் கோப்பையில் இன்னொரு அகப்பை சோறு வைத்தேன். வேண்டாம் என்றார். வைத்துவிட்டேன்.

"கராஜில மற்ற மூட்டையைக் காணேல்லை?" என்று கேட்டார்.

"அம்புலன்ஸ்காரருக்கு வழுக்கினது. போட்டது."

"நல்லது செய்தீர்."

துவாரகா சாப்பாட்டை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

ஜனவரி 20, செவ்வாய்

ஒலெனாவுக்கு இடியப்பமும் சொதியும் கொண்டுபோனேன். வாங்கிக்கொண்டார். மறுபடியும் ஸ்னோ. அவர்கள் பக்கத்தை நான் அள்ளினேன், பிறகு எங்கள் பக்கம்.

ஜனவரி 23, வெள்ளி

ஸ்டெபானுக்கு நெஞ்சில் சளி கட்டிவிட்டது. படுத்தே கிடப்பதால் வருகிற நியூமோனியாவாம். மூச்சுக்கு மாஸ்க் போட்டிருக்கிறார்கள். ஒலெனா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு அவர்கள் பாஷையில் மெதுவாக ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார். எனக்குத் தெரியும் அது என்னவென்று. புயலடித்த அந்தப் புதன்கிழமை முழுவதும் ஃபோனைப் பிடித்துக்கொண்டு நான் சொன்னதும் அதுதான்.

வரும் வழியில் கோயிலுக்குப் போனேன். ஸ்டெபான் எழும்பி நடந்தால் பால்குடம் எடுப்பதாக நேர்ந்தேன். ஐயர் யாருக்கு என்று பெயர் நட்சத்திரம் கேட்டார். பெயர் சொன்னேன், நட்சத்திரம் தெரியாது என்றேன். உறவோ என்றார். அயல் என்றேன். அயலுக்குப் பால்குடமோ என்று ஒரு மாதிரிப் பார்த்தார். முருகனுக்குத் தெரியும்.

ஜனவரி 24, சனி

காய்ச்சல் குறையவில்லை.

ஜனவரி 26, திங்கள்

காய்ச்சல் விட்டுவிட்டது. மாஸ்க்கைக் கழற்றிவிட்டார்கள். அடுப்படியில் தனியாக நின்று சத்தம் போட்டு அழுதேன். துவாரகா வந்து, "அம்மா, நீங்கள் அவையளிட்டச் சொல்லுங்கோவன்" என்றாள்.

"என்னத்தைச் சொல்ல?"

"உங்களுக்குத் தெரியும்."

இந்தப் பிள்ளை எப்போது இவ்வளவு வளர்ந்தாள் என்று தெரியவில்லை. எரிச்சலாக இருந்தது.

ஜனவரி 30, வெள்ளி

இவர் திரும்பவும் வினிப்பெக் போய்விட்டார். ஃபோன் எடுத்தால் எடுத்தார், இல்லாவிட்டால் இல்லை. நெஞ்சு அதற்குப் படபடப்பதில்லை. நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் ஒலெனாவின் கதவு திறக்கிற சத்தத்துக்குத்தான் இப்போது படபடக்கிறது. டொக்டரிடம் இதைச் சொன்னால் இன்னொரு கொப்பி வாங்கச் சொல்வார்.

பிப்ரவரி 3, செவ்வாய்

ஸ்டெபானை நடை பழக்குகிற இல்லத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். கம்பியைப் பிடித்துக் கொஞ்சம் நடக்கிறார். ஆனால் இனிப் படி ஏற மாட்டார் என்று சொல்லிவிட்டார்கள். இந்த வீட்டில் படுக்கை அறையும் குளியலறையும் மேல் மாடியில். மகன் கல்கரியிலிருந்து வந்து இரண்டு நாள் நின்றான். வீட்டை விற்பதாக முடிவாகிவிட்டது. இருவருக்கும் முதியோர் குடியிருப்பில் ஓர் அறை பார்த்தாயிற்று, ஊரின் மற்றக் கரையில்.

விற்பனைப் பலகையை நடுவதற்கு நிலம் தெரியவில்லை. ஸ்னோ குவியலுக்குள்ளேயே குத்திவிட்டுப் போனார்கள். சரிந்து நிற்கிறது.

ஸ்டெபானுக்கு அந்த மேல் மாடி ஜன்னலிலிருந்து தெருவைப் பார்ப்பதென்றால் உயிர். யாருடைய வாசலில் மெஷின் மதில் கட்டிவிட்டுப் போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்து இறங்கி ஓடுவார். இனி இந்த வீட்டுக்குள் அவர் வரவே போவதில்லை.

பிப்ரவரி 8, ஞாயிறு

ஒலெனாவுக்குச் சாமான் கட்ட உதவி செய்யப் போனேன். குசினி மேசையில் இருந்து கோப்பைகளைப் பழைய பேப்பரில் சுற்றிக்கொண்டிருந்தோம். வெளியே திரும்பவும் கொட்டத் தொடங்கியது. ஒலெனா ஜன்னலைப் பார்த்து, "இனி இது வேறு யாருடையதோ கவலை" என்றார். அப்போதுதான் என் வாயிலிருந்து வந்தது. யோசித்துச் சொன்னதில்லை.

"அன்றைக்கு என்னிடம் உப்பு இருந்தது."

"தெரியும்" என்றார். கை நிற்கவில்லை. "நீயும் மகளும் இழுத்து வந்தீர்கள். வாய் தைத்தபடி, முழு மூட்டை."

இருபத்துநாலு நாள் இந்த மனுஷி என்னோடு காரில் வந்திருக்கிறார். என் சோற்றைச் சாப்பிட்டிருக்கிறார்.

எனக்கு வருகிற ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். விளக்கு, பொழுது, லட்சுமி, இவர் ரோட்டில் நின்றது, டிவியில் சரிந்து கிடந்த ட்ரெய்லர். லட்சுமியை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் வீட்டின் அதிர்ஷ்டம் என்று சொன்னேன். விசர்க் கதை என்று சிரிப்பார், அல்லது வெளியே போ என்பார் என்று நினைத்தேன். ஒலெனா கோப்பையை மேசையில் வைத்தார்.

"எங்கள் கிராமத்திலும் கொடுக்க மாட்டோம். பொழுது சாய்ந்தால் உப்பு இல்லை, பால் இல்லை, நெருப்பு இல்லை. கேட்டுப் போகவும் மாட்டோம், அடுத்தவரைச் சங்கடப்படுத்தக் கூடாது என்று."

சுற்றி முடித்த கோப்பையை நான் அவிழ்த்து மறுபடி சுற்றினேன்.

"அன்றைக்கு ஸ்டெபானிடம் சொன்னேன். இந்த நேரத்தில் போய் உப்புக் கேட்காதே, விடியட்டும் என்றேன். 'அதெல்லாம் ஊரோடு போயிற்று, பூனி கொடுப்பாள்' என்று வாளியை எடுத்துக்கொண்டு போனார்."

ஒலெனா மறுபடி பேப்பரைக் கிழித்தார்.

"இப்போது முடியாது, விடியத் தருகிறேன் என்று சொல்லியிருக்கலாம், பூனி. எனக்கு விளங்கியிருக்கும். விடியும்வரை அவரைப் பிடித்து வைத்திருப்பேன். நீ இல்லை என்றாய். இல்லாததற்கு எதற்காகக் காத்திருப்பது என்று அவர் இருட்டோடு இறங்கிவிட்டார்."

மன்னிப்புக் கேட்டேன். கையைப் பிடிக்கப் போனேன். ஒலெனா கையை இழுக்கவில்லை, திருப்பிப் பிடிக்கவும் இல்லை.

"என்னிடம் கேட்காதே. அங்கே வருகிற நர்ஸ் எல்லோரிடமும் அவர் சொல்கிறார், பக்கத்து வீட்டில் உப்பு முடிந்துவிட்டது, இருந்திருந்தால் அவள் தந்திருப்பாள் என்று. போய் அவரிடம் சொல்."

பிப்ரவரி 9, திங்கள்

போகவில்லை. கார் கதவு உறைந்து திறக்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மற்றப் பக்கக் கதவு திறந்தது.

பிப்ரவரி 10, செவ்வாய்

போனேன். ஒலெனாவுக்கு இன்று வீட்டுப் பத்திரத்துக்குக் கையெழுத்து வைக்கிற வேலை, பின்னேரம்தான் வருவார். ஸ்டெபான் தனியாக ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் இருந்தார். நன்றாக மெலிந்துவிட்டார். என்னைக் கண்டதும், "டோனட் எங்கே?" என்றார். நான் வெறுங்கையோடு போயிருந்தேன். பலகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கட்டில் விளிம்பில் இருந்து சொன்னேன். இந்த முறை சுருக்கமாக. உப்பு இருந்தது, முழு மூட்டை இருந்தது, இல்லை என்று சொன்னேன், என் புருஷனுக்கு ஒன்றும் வந்துவிடக் கூடாது என்றுதான் அப்படிச் சொன்னேன்.

அவர் தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அந்த நேரம் அவன் எங்கே நின்றான்?" என்றார்.

பொய் சொல்லலாம் என்று ஒரு கணம் வந்தது, மலைக்கும் ஏரிக்கும் நடுவில் என்று.

"நித்திரை" என்றேன். "சூப் குடித்துவிட்டுப் படுத்துவிட்டார்."

ஸ்டெபான் சிரித்தார். சிரிக்கத் தொடங்கி இடுப்பு நொந்து, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். திறந்தபோது சிரிப்பு இல்லை. அந்த முகத்தை நான் முன்பு கண்டதில்லை. எழும்பிப் போய்விடுவதுதான் மரியாதை என்று பையை எடுத்தேன்.

"எங்கே போகிறாய்?"

"நீங்கள் என்னில் கோபமாக இருக்கிறீர்கள்."

"இருப்பேன். அதற்கு எனக்குக் கொஞ்சம் நேரம் வேண்டும், நாளைக்குக் கோபப்படுகிறேன்" என்றார். "இன்றைக்கு முழுதும் இங்கே ஒருவரும் வரவில்லை. இரு."

கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு இருந்தேன். கீழே இல்லத்து வாசலில் ஒருவன் ஸ்னோ அள்ளிக்கொண்டிருந்தான், பிழையாகத்தான் அள்ளினான், ஒலெனா வரும்வரை அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

நாளைக்கும் போகவேண்டும். அவர் கோபப்படுகிற நேரம் நான் அங்கே இருக்க வேண்டும்.